நடிகையின் அந்தரங்கத்தை வாழ்ந்தவள்

பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறவரிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் அது வெளியே போகாது என்று சிஸ்டர் நம்பியிருந்தாள். அப்படி நம்பியதில் தப்பு ஒன்றும் இல்லை. பதினோரு வருஷமாக அந்தக் கிளினிக்கில் டாக்டரம்மாவுக்கு உதவியாளராக இருக்கிறவள். எத்தனையோ வாய்களில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த வாய்களிலிருந்து 'ஆ'வைத் தவிர வேறெதுவும் வந்து அவள் கேட்டதில்லை. நர்ஸ் படிப்பு எதுவும் படித்தவள் இல்லை. வெள்ளைக் கோட்டைப் பார்த்து யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

அந்த வாய் ஓர் எழுத்தாளருடைய வாய் என்பதுதான் கோளாறு. அதுவும் சாதாரண எழுத்தாளர் இல்லை. அவருக்குக் கடைவாய்ப் பல் வலித்ததே பத்திரிகையில் படத்தோடு வந்திருந்தது. ரூட் கேனலுக்கு ஆறு தடவை வந்தார். நான்காம் தடவை, மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு டாக்டரம்மா அடுத்த அறைக்குப் போன கால்மணி நேரத்தில்தான் சிஸ்டர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

அவள் சொன்னது இதுதான். அவளுடைய மாமியாருக்குக் கண் மங்கல், காது மட்டும் கூர்மை. மாமியாருக்கு ஒரு மகள் உண்டு, சிஸ்டருக்கு நாத்தனார். வெளிநாட்டில் இருக்கிறாள், நன்றாகவே இருக்கிறாள். வருஷக்கணக்காக ஒரு போன் கிடையாது. சண்டையும் இல்லை, மனஸ்தாபமும் இல்லை. பேசத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கூடத்துப் போன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்த அம்மாள் தினமும் சாயங்காலம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், ஒரு நாள் ஆறரை மணிக்குக் கிளினிக்கின் எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிஸ்டரே போன் செய்துவிட்டாள். அந்தக் கதவு கனமானது, வெளிச் சத்தம் உள்ளே வராது. நாத்தனார் குரலில் கொஞ்சம் குழறல் உண்டு. கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு பஞ்சுச் சுருளை அடக்கிக்கொண்டால் அச்சு அசலாக அந்தக் குரல் வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் ஆறரைக்கு அவள்தான் நாத்தனார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மகள் என்று நம்பி அந்த அம்மாள் மருமகளைப் பற்றித்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்க அண்ணி ஜன்னல் கதவை டமால்னு சாத்தறா." "மாத்திரையைக் கையில திணிக்கிறா, மெதுவா குடுத்தா என்ன?" சிஸ்டர் பஞ்சுக்குள் "உம்" கொட்டிக் கேட்டுக்கொள்வாள். மறுநாள் ஜன்னலை மெதுவாகச் சாத்துவாள். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் மாமியார் இருந்தாற்போலிருந்து, "கோவிச்சுக்காதே, உன்னைவிட அவ தேவலை" என்று சொல்லிவிட்டாள். சிஸ்டர் எக்ஸ்ரே அறையிலேயே உட்கார்ந்து அழுதாள். யாரிடமாவது சொன்னால்தான் மனசு ஆறும் போலிருந்தது. மறுநாள் காலை முதல் ஆளாக எழுத்தாளர் வந்து படுத்தார். சொன்னாள். அவர் "ஆ" என்றார். அனுதாபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்து நாவல் வந்தது. உச்சத்தில் இருக்கிற ஒரு நடிகையின் கதை. பதினெட்டாம் அத்தியாயத்தில் அந்த நடிகை படப்பிடிப்புக்கு நடுவே கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கன்னத்தில் இரண்டு பஞ்சுச் சுருளை அடக்கிக்கொண்டு, மாமியாருக்கு மகள் குரலில் போன் செய்கிறாள். எக்ஸ்ரே அறை கேரவன் ஆகிவிட்டது. பஞ்சை மட்டும் மாற்ற அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. ஊரே பைத்தியமாகிவிட்டது. யார் அந்த நடிகை என்று பஸ்ஸில் கேட்டார்கள், வங்கி வரிசையில் கேட்டார்கள், பல்லைப் பிடுங்க வந்தவர்கள் பிடுங்குவதற்கு முன்னும் கேட்டார்கள், பின்னும் கேட்டார்கள். யாருக்கும் கதை வேண்டியிருக்கவில்லை, ஆள்தான் வேண்டியிருந்தது.

அதோடு போயிருந்தால் சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். வானொலிக்காரர்கள் அந்த நாவலை நாளுக்கு ஓர் அத்தியாயமாகப் பகல் இரண்டரை மணிக்கு வாசிக்கப்போவதாக அறிவித்தார்கள். மாமியார் வானொலியில் வானிலை அறிக்கையைக்கூட விடாமல் கேட்கிறவள். பதினெட்டாம் நாள் அந்தக் கூடத்தில், அந்தப் போன் பக்கத்திலேயே, எல்லாம் தெரிந்துவிடும். மூன்று வருஷமாகத் தன்னிடம் பேசியது மகள் இல்லை என்று தெரிந்தால் அந்த அம்மாளுக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

சிஸ்டர் கணவனிடம் சொன்னாள். அவன் யோசித்துவிட்டு ரேடியோ பேட்டரியைக் கழற்றி ஒளித்துவைத்தான். அன்று சாயங்காலம் ஆறரை மணிப் போனில் மாமியார், "உங்க அண்ணன் பேட்டரியைப் பீரோ மேல ஒளிச்சு வெச்சிருக்கான். ஏன்னு கேளு" என்றாள். பேட்டரி திரும்பப் போடப்பட்டது, புதுசாகவே.

எழுத்தாளர் இத்தனை மாதம் தள்ளிப்போட்டிருந்த கேப்பைப் பல்லுக்குப் போட்டுக்கொள்ள வந்தபோது, டாக்டரம்மா வருவதற்குள் சிஸ்டர் பிடித்துக்கொண்டாள். இந்த முறை அவர் வாயைத் திறக்கும் முன்பே.

"சார், அந்தப் பஞ்சும் போனும் என்னோடது."

"அது என் ஆழ்மனசிலேர்ந்து வந்ததும்மா."

"நாலாவது சிட்டிங்ல வந்தது சார்."

"அன்னிக்கு எனக்கு மரத்துப்போயிருந்ததே."

"பல்லு மரத்துப்போச்சு சார். காதுக்கு ஊசி போடலியே."

எழுத்தாளர் கூரையைப் பார்த்தார். "என் கதையில வர்றவங்க எல்லாம் கற்பனை. முதல் பக்கத்துலயே போட்டிருக்கேன். ஆட்சேபணை இருந்தா ஆணையத்துக்குப் போங்க" என்று சொல்லி, யாரும் கேட்காமலே வாயைத் திறந்துகொண்டார்.

புனைவில் பிரபலங்களின் அந்தரங்கம் காக்கும் ஆணையம் என்று ஒன்று இருப்பதே சிஸ்டருக்கு அப்போதுதான் தெரிந்தது. நாவல்களில் வருகிற நடிகர் நடிகையர் யார் யார் என்று கண்டுபிடித்து ஜனங்கள் அவர்கள் வீட்டு மதிலில் ஏறியதால், அதைத் தடுக்க ஆரம்பிக்கப்பட்ட ஆபீஸ். ஐந்து மாடி. யாருடைய எந்த ரகசியத்தை எழுதக் கூடாது என்று தெரியாமல் எந்த எழுத்தாளரும் எழுதிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், எல்லா ரகசியங்களையும் தொகுத்து ஆணையம் வருஷாவருஷம் ஒரு பட்டியல் அச்சிடுகிறது. அது வெளிவரும் நாளில் முதல் மாடியிலிருந்து தெருமுனை வரை வரிசை நிற்கும். மதில் ஏறுகிறவர்கள் கையிலும் அந்தப் பட்டியல்தான் இருக்கும். எந்த ஜன்னல் படுக்கையறை ஜன்னல் என்பதை அதில் தெளிவாகப் போட்டிருப்பார்கள்.

நான்காம் அத்தியாயம் வாசிக்கப்பட்ட நாளில் சிஸ்டர் அரை நாள் லீவு போட்டுவிட்டு அங்கே போனாள். ஒவ்வொரு மேஜைக் கண்ணாடிக்கு அடியிலும் நட்சத்திரங்களின் படங்கள் இருந்தன. தடிமனான கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். தடுப்பின் மேல் 'ரகசியங்களை உரக்கச் சொல்லவும்' என்று எழுதியிருந்தது.

"யாருக்காக வந்திருக்கீங்க?"

"எனக்காகத்தான் சார்."

"எந்த நட்சத்திரத்தோட ஆளுன்னு கேட்டேன்."

"நட்சத்திரம் இல்ல சார். பல் கிளினிக்."

குமாஸ்தா பேனாவை மூடி வைத்தார். கெட்டவர் இல்லை, விதிமுறைப்படி நடக்கிறவர். "உங்க வீட்டு மதில்ல யாராவது ஏறிப் பாத்திருக்காங்களா?"

"மதிலே இல்ல சார். மூணாவது மாடி."

"குப்பைத் தொட்டியை யாராவது கிளறியிருக்காங்களா?"

"பூனை கிளறும்."

"பூனை சேராதும்மா. நீங்க தூங்கும்போது யாராவது படம் எடுத்திருக்காங்களா? துவைச்சுக் காயப்போட்ட துணியை எடுத்துட்டுப் போய்ப் பூஜிக்கிறாங்களா? இல்லையா? அப்ப உங்ககிட்ட அந்தரங்கம்னு ஒண்ணு கிடையாது. யாரும் பாக்கவே ஆசைப்படாதது எப்படிம்மா அந்தரங்கமாகும்? அது சும்மா வீட்டு விஷயம்."

"வீட்டு விஷயத்தைக் காப்பாத்த வேற ஆபீஸ் இருக்கா சார்?"

"அதைத் திருடத்தான் ஆளே கிடையாதே, எதுக்கு ஆபீஸ்?"

"திருடி, புக்கு போட்டு, ரேடியோல வாசிக்கிறாங்களே சார்."

குமாஸ்தா பேனாவை மறுபடி திறந்தார். பிறகு, மனுவை வாங்காமல் திருப்பி அனுப்ப விதி இல்லையென்றும், வாங்கிக்கொண்டால்தான் நிராகரிக்க முடியுமென்றும் விளக்கினார். எனவே அவள் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கண்ணாடி தடிமன். அவள் மெதுவாகச் சொன்னாள், அவருக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "பஞ்சுக்கு அப்புறம் என்ன சொன்னீங்க? இங்கே விழலை" என்றார். மூன்று வருஷமாக எக்ஸ்ரே அறைக்குள் பூட்டி வைத்திருந்ததை அவள் முப்பது பேருக்கு முன்னால் கத்திச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அவமானத்தில் காது மடல் எரிந்தது. மாமியார் பிழைத்தால் போதும் என்று தேற்றிக்கொண்டாள்.

எட்டாம் அத்தியாயம் நடந்துகொண்டிருந்தபோது ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அவளுடைய மனு நிராகரிக்கப்பட்டுவிட்டது. அதோடு அவள்மேல் வழக்கு ஒன்றும் பதிவாகியிருந்தது. மேற்படி பதினெட்டாம் அத்தியாயச் சம்பவம் தன் சொந்த அந்தரங்கமே என்று ஒரு பிரபல நடிகை ஏற்கனவே ஆணையத்தில் பதிவு செய்து சான்றிதழும் வாங்கியிருக்கிறார். அப்படியிருக்க, அதே சம்பவத்தைத் தானும் நாள்தோறும் செய்துவருவதாக மனுதாரரே தம் வாயால் ஒப்புக்கொண்டிருக்கிறார். எனவே, 'பிரபலம் ஒருவரின் அந்தரங்கத்தை உரிய அனுமதியின்றி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்த குற்றத்துக்காக' அவர் விசாரணைக்கு ஆஜராக வேண்டும்.

சிஸ்டர் இதை நான்கு தடவை படித்தாள். தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கணவன் ஒரு தடவை படித்துவிட்டு, "நீ அந்த நடிகையைக் காப்பி அடிச்சியாமா?" என்றான்.

விசாரணை நாளன்று வானொலியில் பதினேழாம் அத்தியாயம் முடிந்திருந்தது. இன்றைக்குள் எப்படியாவது தலைவரிடம் கெஞ்சிப் பதினெட்டை நிறுத்திவிட வேண்டும், ஆறரைக்குள் வெளியே வந்து போன் செய்துவிட வேண்டும். சிஸ்டரின் கணக்கு அவ்வளவுதான். பஞ்சுச் சுருள் இரண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அந்தரங்க விசாரணை ஆயிரம் பேர் உட்காரும் அரங்கத்தில் நடந்தது. வாசலில், 'அமைதி காக்கவும், உள்ளே அந்தரங்கம்' என்று பலகை வைத்திருந்தார்கள். நாலு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது ஐந்தேகாலுக்கு ஆரம்பித்தது. நடிகை வந்ததும் ஐந்து மாடி ஊழியர்களும் இறங்கி வந்து நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். ஆணையத் தலைவர் மேடையிலிருந்து கீழே வந்து, வழக்குக் கட்டின் மேலட்டையில் நடிகையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். உள்ளே இருந்த தாள்களிலும் வாங்கினார். தலைவருக்கு அறுபத்தெட்டு வயது.

பிறகு அவர் பேசினார். "அந்தரங்கம் என்பது பிரபலங்கள் நமக்கு அளித்திருக்கும் கொடை. அவர்களுக்கு அது இல்லையென்றால் நாம் எதைத்தான் எட்டிப் பார்ப்பது? நான் பதவியேற்ற ஒன்பது ஆண்டுகளில் நானூற்றுப் பன்னிரண்டு ரகசியங்களைக் காத்திருக்கிறேன். அத்தனையும் எனக்கு மனப்பாடம். யாருக்கு விக் வைத்த தலை, யார் தூக்கத்தில் என்ன உளறுவார், யாருக்கு எந்த இடத்தில் மச்சம், எதை வேண்டுமானாலும் கேளுங்கள், தாளைப் பார்க்காமல் சொல்லுவேன். என் மனைவியின் பிறந்தநாள் எனக்குத் தெரியாது. கடமையில் அப்படி மூழ்கிவிட்டேன்." அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெண்மணி தட்டவில்லை.

நடிகையை விசாரித்தார்கள். அவர் மோசமானவராகத் தெரியவில்லை. "அந்தப் பக்கத்தைப் படிச்சதும் இது நான்தான்னு தோணிச்சு. நல்ல விஷயம் எதைப் படிச்சாலும் எனக்கு அப்படித்தான் தோணும். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இன்னிக்குக் காலையில குடுத்த மூணு பேட்டியிலதான் முதல் தடவையா சொன்னேன்" என்றார்.

சிஸ்டர் எழுந்து, "இவங்களுக்குக் கல்யாணமே ஆகலியே சார். மாமியாருக்கு எங்கே போவாங்க?" என்று கேட்டாள்.

எந்தக் கதை எந்த ஆளை ஒத்திருக்கிறது என்று சொல்ல ஆணையத்தில் ஒற்றுமை நிபுணர் என்று ஒருவர் உண்டு. அவர் எழுந்தார். "கல்யாணம் ஆகாதது பகிரங்கம். ஆனது அந்தரங்கமாக இருக்கலாம். அதை இப்படிச் சபையில் கேட்பது மிக மோசமான அந்தரங்க மீறல்." சிஸ்டர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

"பஞ்சுச் சுருள் பல் கிளினிக்ல மட்டும் இருக்கறது சார். நடிகை கைக்கு எப்படி வரும்?"

"மேக்கப் கலைக்கும் பஞ்சை அவர் சுருட்டிக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் பல் மருத்துவர்கள் சுருட்ட ஆரம்பித்திருக்க வேண்டும்" என்றார் நிபுணர். தலைவர் அதைக் குறித்துக்கொண்டார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு இருபது. மாமியார் இந்நேரம் நாற்காலியை நகர்த்திப் போட்டிருப்பாள். சிஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஐயா, ஒரு அஞ்சு நிமிஷம் வெளியே விட்டீங்கன்னா ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்" என்றாள்.

தலைவரின் முகம் மலர்ந்தது. "எதற்கு வெளியே? இங்கேயே செய்யுங்கள். ஒலிபெருக்கியில் இணைத்துவிடுகிறோம். வானொலியும் நேரடியாக ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது, எல்லாருக்கும் கேட்கும்."

"வானொலியா?"

"நாலேகாலிலிருந்து. நடிகை வருவதற்கு முன் என் பழைய உரைகளைப் போட்டார்கள்."

சிஸ்டர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினெட்டாம் அத்தியாயத்தை நிறுத்த வந்தவள், அதைத் தானே ஒரு நாள் முன்னதாக, பெயர் விலாசத்தோடு வாசித்து முடித்திருக்கிறாள். மாமியாரின் ரேடியோவில் பேட்டரி புதுசு. அதை வாங்கிப் போட்டதும் அவள்தான்.

"பேச மாட்டேன் ஐயா" என்றாள்.

"மறுத்தால் உங்களுக்கு எதிராகத்தான் போகும்."

"எது வேணா போகட்டும். எங்க அத்தைகிட்ட நான் பேசறது இத்தனை பேருக்காக இல்ல. பேச மாட்டேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அரங்கத்துக்கு ஏமாற்றம். அப்போது நடிகை பெரிய மனசோடு எழுந்து, அந்த அழைப்பைத் தானே செய்து காட்டுவதாகச் சொன்னார். கூரை இடிந்து விழும்படி கைதட்டல். தொலைபேசி எண் மனுவிலேயே இருந்தது. பஞ்சு கொண்டுவந்தார்கள். நடிகை அதைக் கன்னத்தில் அடக்கத் தெரியாமல் உதட்டுக்குள் வைத்துக்கொண்டார். உதடு வீங்கினாற்போல் ஆயிற்று. எண்பது கேமராக்கள் அதைப் படமெடுத்தன.

மணி ஆறரைக்கு மாமியார் போனை எடுத்தாள். எடுத்ததும் அரங்கத்துக்கு அரங்கத்தின் சத்தமே திரும்பிக் கேட்டது. அந்தப் பக்கம் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, நான் உங்கள் மகள் பேசுகிறேன்" என்றார் நடிகை, நாவலில் உள்ளபடியே. "அங்கே மழை பெய்கிறதா அம்மா?"

"இரு, இந்த ரேடியோவை அமத்திட்டு வரேன்." டக்கென்று ஒரு சத்தம். "இப்ப சொல்லு. நீ அந்த நடிகைதானே? உன் படம் எல்லாம் கேட்டிருக்கேன். நல்லாத்தான் பேசறே. ஆனா இது என் பொண்ணு குரல் இல்ல."

தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அம்மா, நான் ஆணையத்தின் தலைவர். இத்தனை நாளாக உங்களிடம் பேசியது உங்கள் மகள்தான் என்று நம்பிக்கொண்டிருந்தீர்களா?"

"நம்பறதாவது. மூணாம் நாளே தெரியும்."

நடிகை வாயிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"பொறந்ததிலேர்ந்து என் பொண்ணு என்னை ஒரு நாளும் சாப்பிட்டியான்னு கேட்டதில்ல. போன்ல பேசறவ எடுத்ததும் அதைத்தான் கேட்டா. இந்த வீட்ல அப்படிக் கேக்கறது ஒருத்திதான்."

"தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா நிறுத்திடுவா. எனக்கு ஆறரை மணிக்குப் பேச ஆள் வேணும். அதோட, மருமககிட்ட நேர்ல சொன்னா சண்டை வரும். பொண்ணுகிட்ட சொன்னா மறுநாளே ஜன்னல் மெதுவா சாத்துது. நல்லதா ஒண்ணு சொல்லணும்னாலும் அப்படித்தான் சொல்ல வந்தது எனக்கு. நேர்ல சொல்ல வாய் வராது. இதுல உங்களுக்கு என்ன வேலை? அவளை வீட்டுக்கு அனுப்புங்க. மத்தியானமும் சரியா சாப்பிடலை அவ." போனை வைத்துவிட்டாள்.

உன்னைவிட அவ தேவலை என்று மகளிடம் சொன்ன சொல் தனக்கே சொன்ன சொல் என்பது சிஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆயிரம் பேருக்கு நடுவில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. நடிகையின் கண்ணிலும் ஒரு துளி வந்திருந்தது, எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் கால்மணி நேரத்தில் தீர்ப்புச் சொன்னார். மாமியாருக்கு முன்பே தெரிந்திருந்ததால் அங்கே ரகசியம் என்று எதுவும் இல்லை. எனவே வானொலி வாசிப்பால் இவர்களுக்கு நஷ்டம் இல்லை. ஆனால் ஒற்றுமை நிரூபணமாகிவிட்டது. நாவலில் வருகிற மாமியாரை இந்த மாமியாரும் அனுமதியின்றி ஒத்திருப்பதாகத் தெரிகிறது, அதற்குத் தனியாக எச்சரிக்கை. நடிகையின் அந்தரங்கத்தைக் காக்க இரண்டே வழிகள். ஒன்று, ஆறரை மணிப் போனை இன்றோடு நிறுத்த வேண்டும். அல்லது, தங்கள் வாழ்க்கை முழுக்க முழுக்கக் கற்பனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதை எல்லாரும் பார்க்கும்படி வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும்.

"போனை நிறுத்த முடியாது ஐயா" என்றாள் சிஸ்டர்.

"அப்படியானால் நீங்கள் கற்பனை."

"சரிங்க ஐயா. எங்கே கையெழுத்துப் போடணும்?"

மறுநாள் மத்தியானம் இரண்டு ஊழியர்கள் பலகையோடு மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் படிக்கட்டு நெடுக ஜனம். நடிகையைக் காப்பி அடித்த வீட்டை நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று காலையிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பால்கனிக் கொடியில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார். ஆணி அடித்து முடித்ததும் ஒரு பெண் பலகையைச் சத்தமாகப் படித்தாள்: "இவ்வீட்டில் வசிப்போரும் இங்கு நிகழும் சம்பவங்களும் முற்றிலும் கற்பனையே. உயிரோடு இருப்பவர் எவரையும் குறிப்பன அல்ல."

"கற்பனையாம்" என்று அவள் கீழே பார்த்துச் சொன்னாள். "கற்பனையாம், கற்பனையாம்" என்று சேதி படிப்படியாக இறங்கியது. கூட்டத்துக்குச் சுவாரஸ்யம் போய்விட்டது. கால்மணி நேரத்தில் படிக்கட்டு காலி. எல்லாரும் நடிகை வீட்டு மதிலுக்குப் போய்விட்டார்கள்.

உள்ளே மாமியார், "என்னம்மா எழுதியிருக்கான்?" என்று கேட்டாள். அவளால் படிக்க முடியாது.

"நாம இல்லைன்னு எழுதியிருக்கு அத்தை."

"நல்லதாப் போச்சு. கதவைச் சாத்து."

சிஸ்டர் மெதுவாகச் சாத்தினாள். நேற்று நடந்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, மாமியாரும் பேசவில்லை. இரண்டரை மணிக்கு ரேடியோவில் பதினெட்டாம் அத்தியாயம் வந்தது. மாமியார் காலை நீட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டாள், சிஸ்டர் துணி மடித்தாள். அன்றைக்குக் கிளினிக்குக்குப் போகவில்லை. சாயங்காலம் ஆறு இருபதுக்கு மாமியார் கூடத்து நாற்காலியைப் போன் பக்கமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். சிஸ்டர் விளக்கைப் போட்டுவிட்டுப் பார்த்தாள். மாமியார் சுவரைப் பார்த்தாள்.

சிஸ்டர் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கைப்பையில் நேற்றுப் போட்ட பஞ்சுச் சுருள்கள் அப்படியே இருந்தன. கன்னத்துக்கு ஒன்றாக அடக்கிக்கொண்டு செல்போனில் எண்ணை அழுத்தினாள். கூடத்தில் போன் அடித்தது.

"யாரு?"

"நான்தாம்மா, உன் பொண்ணு. சாப்பிட்டியா?"

"ஆச்சு. கேளு, இன்னிக்கு ரேடியோக் கதையில என்னைச் சாகடிச்சிட்டான் அந்த ஆளு. அழுதுகிட்டே சாகறேனாம். நான் எப்ப அப்படி அழுதேன்? அப்புறம், நம்ம வீட்டுக் கதவுல எவனோ ஆணி அடிச்சிருக்கான். வார்னிஷ் போச்சு."

"உம்."

"உங்க அண்ணி நேத்து அத்தனை பேருக்கு நடுவுல பேச மாட்டேன்னு சொன்னாளாம். ரேடியோல கேட்டேன். எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. அவகிட்ட சொல்லிடாதே."

சிஸ்டருக்குப் பஞ்சு நனைந்துவிட்டது. "இங்கே யாராவது வந்து உங்களைப் பத்தியெல்லாம் கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"அப்படி யாருமே இல்லைன்னு சொல்லு. கதவுலயே எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா அவங்களுக்கு? சரி, அதை விடு. உங்க அண்ணி இன்னிக்கு ஜன்னலை..."